காண்டெஸா மூர்த்தியும் தோல் வாஷரும்

மாமியார் வீட்டில் கறிக்குழம்பு வைத்தால், நல்லி எலும்பு யார் தட்டில் விழுகிறது என்று சுந்தரமூர்த்தி பார்ப்பான். இன்றைக்குப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் சாப்பிட உட்காருவான். குழம்புச் சட்டி பக்கத்தில் வந்ததும் கண் தன்னால் அதன் பின்னால் போய்விடும். மாமியார் கரண்டியை உள்ளே விட்டுத் துழாவி, நல்லியைத் தேடி எடுத்து, அவனைத் தாண்டிக்கொண்டு போய் தமிழ்வேந்தன் தட்டில் போடுவாள். "சாப்புடு தம்பி, இளைச்சிப் போய்ட்ட" என்பாள். தமிழ்வேந்தன் இளைத்ததை மாமியார் ஊரான ஒடுகத்தூரில் வேறு ஒருவரும் பார்த்ததில்லை. அவன் சட்டைப் பொத்தான்கள் தீபாவளிக்குத் தீபாவளி அதிகமாகச் சிரமப்பட்டுக்கொண்டிருந்தன.

அந்த வீட்டு மூத்த மகள் தேவகியைக் கட்டியவன் சுந்தரமூர்த்தி. தங்கை மேகலாவைக் கட்டியவன் தமிழ்வேந்தன். மூத்த மருமகன் இருக்க இளையவனுக்கு நல்லி போவது எந்த ஊர் நியாயம் என்று அவன் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்டால் அசிங்கம். கேட்காமல் இருந்தால் வயிறு எரிகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் அவன் வருஷக்கணக்காக ரசம் சோறு சாப்பிட்டு எழுந்திருக்கிறான்.

சுந்தரமூர்த்தி ஆம்பூரில் பைபாஸ் ஓரம் கார் ஷெட் வைத்திருக்கிறவன். அப்பா தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர். அந்த வாசனை தனக்கு வேண்டாம் என்று படிப்பை விட்ட கையோடு ஷெட்டில் சேர்ந்து, ஸ்பேனர் பிடித்து, கடைசியில் தனியாகத் தகரம் போட்டு உட்கார்ந்துவிட்டான். ஊரில் ஷெட்டுகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் "காண்டெஸா மூர்த்தி" என்று கேட்டால் ஆட்டோக்காரர் நேராக அவன் வாசலில் இறக்கிவிடுவார். அந்தப் பெயரை அவனுக்கு வாங்கிக் கொடுத்தது ஜஹீருன்னிசா அம்மாவின் வெள்ளை காண்டெஸா கார்.

ஜஹீருன்னிசா ஷூவுக்கு மேல்தோல் தைக்கும் கம்பெனி நடத்துகிறவர். கணவர் ஆசையாக வாங்கிய வண்டி அது. பவர் ஸ்டியரிங் வைத்து வந்த கடைசி மாடல்களில் ஒன்று. கணவர் போன பிறகு எல்லோரும் வண்டியை விற்றுவிடுவார் என்று நினைத்தார்கள். அவர் சுந்தரமூர்த்தியைக் கூப்பிட்டு, "எனக்கு ஓட்டக் கத்துக் குடு மூர்த்தி" என்றார். கம்பெனி மைதானத்தில் அவன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கையால் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு கற்றுக்கொடுத்தான். அன்றிலிருந்து அந்த வண்டியின் இன்னொரு சாவி அவன் ஷெட்டில் சாமி படத்துக்குக் கீழே ஒரு ஆணியில் தொங்குகிறது. புதிதாக வருகிறவர்கள் அந்தச் சாவியைப் பார்க்கிற மாதிரிதான் அவன் நாற்காலியைப் போட்டிருந்தான். கும்பிட வருகிறவன் சாவியையும் சேர்த்துக் கும்பிட்டால் அவனுக்கு ஆட்சேபணை இல்லை.

தமிழ்வேந்தனிடம் வருவோம். தோல் ஷாப்பில் மெஷின் பிட்டராக இருந்தவன். அங்கே தோலை வெட்டுகிற, அழுத்துகிற மெஷின்கள் எல்லாம் எண்ணெயின் அழுத்தத்தில் ஓடுபவை. அதற்கெல்லாம் எண்ணெய் போக ஓஸ் என்கிற ரப்பர்க் குழாய் வேண்டும், ஓஸ் அடிக்கடி வெடிக்கும். இதைப் பார்த்துவிட்டு அவன் வேலையை விட்டு ஓஸ் கடை போட்டான். போட்ட நாளிலிருந்து கூட்டம். சுந்தரமூர்த்தி பழைய மொபெட்டைத் தட்டிக்கொண்டிருந்தபோது அவன் புல்லட் வாங்கினான். இவன் வீட்டுக்கு டைல்ஸ் போட்டதை ஊரெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் அவன் மாடியே எடுத்துவிட்டான். இவன் மகள் பாஸ் என்றால் அவன் மகன் ஸ்கூலில் முதல். இதில் பெரிய கொடுமை என்னவென்றால், தமிழ்வேந்தனுக்கு இது எதுவும் தெரியாது. அவன் பாட்டுக்கு "வாங்கணா" என்று வாயெல்லாம் பல்லாக நிற்பான். மனுஷன் கொஞ்சம் திமிராக இருந்திருந்தால் சுந்தரமூர்த்திக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

ஒரே ஒரு ஆறுதல் உண்டு. தமிழ்வேந்தனிடம் காண்டெஸா கிடையாது. அவனை யாரும் ஓஸ் தமிழ்வேந்தன் என்று கூப்பிடுவதில்லை. ஊரில் பட்டப் பெயர் வாங்கியவன் சுந்தரமூர்த்தி ஒருத்தன்தான்.

அப்படி இருக்கும்போது ஒருநாள் ஜஹீருன்னிசா அம்மா போன் செய்தார். போர்டிகோவில் வண்டிக்குக் கீழே சிவப்பாக எண்ணெய் சொட்டியிருக்கிறதாம். ஸ்டியரிங்கைத் திருப்பினால் மாடு முனகுகிற மாதிரி சத்தமாம். போய்ப் பார்த்தான். தொட்டியில் பவர் ஸ்டியரிங் எண்ணெய் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. ஓஸ் இரண்டும் வயதாகி வெடிப்பு விட்டிருந்தன.

"தோள்பட்டைல வலி இருக்குல்ல எனக்கு. ஸ்டியரிங் கல்லு மாதிரி ஆனா நான் ஓட்ட முடியாது மூர்த்தி" என்றார் அவர். "பையன் தெனமும் போன்ல இதே பேச்சு. வித்துடுங்க, சின்ன வண்டி வாங்கிக்கோங்கன்றான். இந்த லீக்கு நிக்கலன்னா குடுத்துடப் போறேன்."

சுந்தரமூர்த்தி மனதுக்குள் கணக்குப் போட்டான். வண்டி போனால் சாவி போகும். சாவி போனால் பெயர் போகும். வெறும் மூர்த்திகள் ஆம்பூரில் எத்தனையோ பேர்.

"குடுக்கற பேச்சே வேணாம்மா. நான் பாத்துக்கறேன்" என்றான்.

அந்த வண்டியில் இரண்டு ஓஸ்கள். ஒன்று பம்பிலிருந்து எண்ணெயை அழுத்தத்தோடு கொண்டுபோவது. மற்றது வேலை முடிந்த எண்ணெயைச் சாவகாசமாகத் தொட்டிக்குத் திருப்பிக் கொண்டுவருவது. திரும்பி வருகிற ஓஸைச் சரியான ரப்பர் வாங்கிக் கிளிப் போட்டு இறுக்கினால் முடிந்தது. அதை அன்றைக்கே மாற்றிவிட்டான். போகிற ஓஸ் அப்படியில்லை. அதன் இரண்டு முனையிலும் இரும்பு மூக்கு இருக்கிறது. ரப்பரையும் இரும்பையும் சேர்த்து மெஷினில் வைத்து நாலாபுறமும் நெருக்கி அழுத்தினால்தான் அந்த வேகத்தைத் தாங்கும். அந்த மெஷின் ஆம்பூரில் யாரிடம் இருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை.

சுந்தரமூர்த்தி வேலூரில் தேடினான். சென்னைக்கு ரயிலேறி புதுப்பேட்டையில் சந்து சந்தாக நுழைந்தான். கடைசியில் ஒரு பரணிலிருந்து அந்த வண்டிக்கான ஓஸ் ஒன்று கிடைத்தது. எத்தனை வருஷம் அங்கே கிடந்ததோ, வளைக்கும்போதே ரப்பர் முணுமுணுத்தது. மாட்டிய மறுநாளே வளைவில் பிளந்துகொண்டது.

"தமிழு கடையில குடுத்தா பண்ணித் தரப்போறாரு. எதுக்கு இப்படி ஊர் ஊரா அலையறீங்க?" என்றாள் தேவகி.

"அவன்கிட்ட போயி நிக்கச் சொல்றியா என்ன?"

"நிக்க வேணாம். உக்காரலாம். கடையில சேர் போட்டிருக்காரு."

தேவகிக்கு எல்லாம் தெரியும். நல்லி எலும்பு விவகாரம் உட்படத் தெரியும். மறுநாள் அவன் ஷெட்டுக்கு வெளியே ஒரு லாரிக்காரரோடு பேசிக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து, கிழிந்த ஓஸைக் காய்கறிப் பையில் போட்டுக்கொண்டு தங்கை வீட்டுக்காரன் கடைக்குப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே தமிழ்வேந்தன் புல்லட்டில் வந்து இறங்கினான். கையில் புது ஓஸ். பழைய இரும்பு மூக்குகளையே தேய்த்து மினுக்கி, புது ரப்பரில் வைத்து அழுத்தியிருந்தான். நீளம், வளைவு, மூக்கு திரும்பியிருக்கிற கோணம் எல்லாம் அச்சு அசலாக இருந்தது. சுந்தரமூர்த்தி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். குறை சொல்ல ஒன்றாவது கிடைக்குமா என்று பார்த்தான். கிடைக்கவில்லை.

"பரவால்ல" என்றான்.

"எங்க கடையில பிரஷர் வச்சிப் பாத்துட்டேன்ணா. தோல் ஷாப்பு மெஷினு அளவுக்கு வச்சேன், அசையல" என்று சொல்லிவிட்டு, தமிழ்வேந்தன் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தான். "இது காப்பர் வாஷர். பம்புல மாட்டற எடத்துக்கு. ரெண்டு பக்கமும் புதுசாப் போட்டுடுங்க."

அதுவரைக்கும் பொறுத்துக்கொண்டிருந்த சுந்தரமூர்த்திக்குச் சுருக்கென்றது. ஓஸைக் கொடுத்தாய், சரி. வாஷர் போடவும் நீ சொல்லித் தர வேண்டுமா?

"வாஷருக்குக் கூடவா வக்கில்லாம கடை நடத்தறேன்? வச்சிக்க" என்றான். தமிழ்வேந்தன் பொட்டலத்தை மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டு, ஒரு டீ குடித்துவிட்டு, சிரித்துக்கொண்டே போனான்.

வாஷர் விஷயத்தில் சுந்தரமூர்த்திக்கு ஒரு தனிக் கர்வம் உண்டு. ஷெட்டுக்குப் பக்கத்திலேயே தோல் துண்டு வியாபாரம். ஷூ வெட்டி மிஞ்சியதெல்லாம் மூட்டை மூட்டையாக அங்கே வரும். ஆம்பூரில் ஆடுகிற மேஜைக் காலுக்கு அடியில் தோல், அடிபம்பின் வால்வுக்குத் தோல், கதவு முட்டாமலிருக்கத் தோல். சுந்தரமூர்த்தி நல்ல கெட்டித் தோலாகப் பொறுக்கி, வட்டமாக வெட்டி, மெழுகும் எண்ணெயும் சேர்த்து ஊறவைத்து ஒரு டப்பா நிறைய வாஷர் வைத்திருப்பான். ஜாக்கி, காற்றடிக்கிற பம்பு, தண்ணீர் மோட்டார் எல்லாவற்றிலும் அவை ஒழுகாமல் நின்றிருக்கின்றன. செம்பைவிடத் தோல் இணக்கமாக உட்காரும் என்பது அவன் கட்சி. ஆனால் அவற்றில் ஓடியது சூடேறாத எண்ணெயும் காற்றும் பச்சைத் தண்ணீரும். காண்டெஸாவின் பம்பில் ஓடுவது கொதிக்கிற எண்ணெய். இந்த வித்தியாசம் அவனுக்குத் தெரியாததல்ல. வேறு யாராவது செய்திருந்தால் அவனே திட்டியிருப்பான். அன்றைக்கு இருந்த ஆத்திரத்தில் கை டப்பாவுக்குத்தான் போனது.

மற்ற வேலை எல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி செய்தான். அதையும் சொல்லத்தான் வேண்டும். பழைய எண்ணெயை முழுக்க வடித்தான். புது ஓஸ் சூடான புகைக்குழாயில் உரசாதபடி எட்டி வளைத்து, ஆடாமல் கிளிப் போட்டான். முன்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, எண்ணெய் ஊற்றி, இன்ஜினைப் போடாமலே ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவாகத் திருப்பினான். உள்ளே சிக்கிய காற்று குமிழியாக வந்தது, மறுபடி ஊற்றினான், மறுபடி திருப்பினான். நுரை அடங்கியபிறகுதான் இன்ஜினைப் போட்டான். ஸ்டியரிங் ஒரு விரலுக்குத் திரும்பியது.

வண்டியைக் கொண்டுபோய் விட்டபோது ஜஹீருன்னிசா அம்மாவிடமும் சொன்னான். "கடைசி வரைக்கும் திருப்பி அப்படியே புடிச்சிக்கினு நிக்காதீங்கம்மா. ஓஸுக்குப் பளு ஜாஸ்தி. தொட்டு நின்னதும் கொஞ்சம் விட்டுடுங்க."

அவர் தெருவில் ஒரு சுற்று போய்வந்தார். இறங்கும்போது முகம் மலர்ந்திருந்தது. "தோள் வலியே தெரியல மூர்த்தி. ஓஸ் எங்க கெடச்சுது?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் கம்பெனி மெஷின்களுக்கு ஓஸ் அந்தக் கடையிலிருந்துதான் போகிறது, எப்படியும் தெரிந்துவிடும். "சகலை பண்ணிக் குடுத்தான்" என்றான்.

"யாரு, நம்ம தமிழ்வேந்தனா? அவரு உன் சகலையா? இத்தன நாளு சொல்லவே இல்லியே. கெட்டிக்கார ஆளு. அவரு தொட்டா எங்க மெஷினு மறுபடி படுக்கறதே இல்ல."

அவன் காதில் விழுந்தது பாராட்டு மட்டுமல்ல. தன்னை 'நீ' என்கிறவர் தமிழ்வேந்தனை 'அவரு' என்கிறார். இத்தனை காலமாக அந்த 'நீ'யை உரிமை என்று நினைத்து உள்ளுக்குள் குளிர்ந்துகொண்டிருந்தான். அன்று ஷெட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் அது உரிமையா, இளக்காரமா என்று யோசித்துக்கொண்டே வந்தான்.

அடுத்த வாரம் போன் வந்தது. "மூர்த்தி, மறுபடி சொட்டுது."

இந்த இடத்தில் சுந்தரமூர்த்தி வருத்தப்பட்டிருக்க வேண்டும். வண்டி கையை விட்டுப் போகிற நிலைமை. ஆனால் போனை வைத்ததும் அவனுக்கு வந்தது சந்தோஷம். வெட்கமில்லாத, முழுசான சந்தோஷம். சகலையின் ஓஸ் ஒழுகுகிறது. தொட்டால் மறுபடி படுக்காத கை செய்த ஓஸ் ஒரு வாரத்தில் ஒழுகுகிறது. அவனே இரண்டு டீ சொல்லி இரண்டையும் அவனே குடித்தான்.

பிறகு டீக்கடையில் சொன்னான். பெட்ரோல் பங்கில் சொன்னான். தோல் துண்டு வியாபாரம் செய்கிற ரஃபி அகமதுவிடம் கொஞ்சம் விரிவாகவே சொன்னான். "பெரிய கடை, பெரிய மெஷினு. இன்னா புண்ணியம் தோஸ்த்? தோல் ஷாப்பு மெஷினு வேற, காரு வேற." ரஃபி அகமது தலையாட்டிவிட்டு மூட்டையைத் தைக்கப் போனார். வீட்டில் தேவகியிடம் சொன்னபோது அவள், "ஓஸ்தான் ஒழுகுதுன்னு பாத்துட்டீங்களா?" என்று கேட்டாள். பார்க்க என்ன இருக்கிறது? பொறாமை பிடித்த கண்ணுக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரியும். மற்ற இடங்களை அது பார்க்காது.

அதோடு விட்டிருந்தால் பேசாமல் இன்னொரு ஓஸ் கேட்டு வாங்கிக் காரியத்தை முடித்திருக்கலாம். அவனுக்கு அது போதவில்லை. ஜஹீருன்னிசா அம்மா முன்னால், அந்தப் போர்டிகோவில் வைத்து, தமிழ்வேந்தனே பார்த்து, தமிழ்வேந்தன் வாயாலேயே சொல்ல வேண்டும். போன் போட்டு வரச் சொன்னான். "ஒன் ஓஸ் ஒழுகுதுப்பா. வந்து பாத்துட்டுப் போ" என்று சொல்லும்போது குரலில் தேன் வழிந்தது.

தமிழ்வேந்தன் வந்தான். ஜஹீருன்னிசா படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒழுகல் எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. எல்லாவற்றையும் துணியால் துடைத்துக் காயவிட்டு, மேலே பவுடரைத் தூவி, இன்ஜினைப் போட்டு ஸ்டியரிங்கைத் திருப்பினால், முதலில் எங்கே சிவக்கிறதோ அங்கேதான் கோளாறு. சுந்தரமூர்த்தி பவுடர் கேட்டான். உள்ளேயிருந்து ரோஜா வாசனைப் பவுடர் டப்பா வந்தது. பானெட்டுக்குள் கல்யாண வீட்டு வாசனை கிளம்பியது. இரும்பு மூக்கும் ரப்பரும் சேருகிற இடத்தில், சகலையின் மெஷின் அழுத்திய அந்த இடத்தில், கொஞ்சம் அதிகமாகவே தூவினான்.

"நீ உள்ள உக்காந்து திருப்பு" என்று தமிழ்வேந்தனிடம் சொல்லிவிட்டு பானெட்டுக்குள் குனிந்தான்.

இன்ஜின் ஓடியது. ஸ்டியரிங் இந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கம் போனது. எண்ணெய் சூடேறட்டும் என்று காத்திருந்தான். மறுபடி திருப்பச் சொன்னான். சகலை அழுத்திய இடம் வெள்ளையாக இருந்தது. இன்னும் குனிந்து பார்த்தான். குழந்தைக்குப் பவுடர் போட்ட மாதிரி வெள்ளையாகவே இருந்தது.

அதற்கு ஒரு விரல்கடை தள்ளி, ஓஸைப் பம்போடு பூட்டுகிற போல்ட்டுக்கு அடியில், பவுடர் மெதுவாகச் சிவந்தது. ஓரத்தில் தோல் வாஷர் உப்பிப் பிதுங்கியிருந்தது. சூட்டில் ஊறி இளகி, போல்ட்டின் பிடியைத் தளர்த்தியிருந்தது. ஒரு வாரம் தாங்கியதே அந்தத் தோலின் பெருமை.

சுந்தரமூர்த்திக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. இன்ஜின் நின்றது. தமிழ்வேந்தன் இறங்கி வந்து பக்கத்தில் குனிந்தான். அவனுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. வெள்ளையாக இருந்த தன் ஓஸைப் பார்த்தான், சிவந்திருந்த வாஷரைப் பார்த்தான், பிறகு சுந்தரமூர்த்தியின் முகத்தைப் பார்த்தான்.

"எங்க லீக்கு?" என்று படியிலிருந்து கேட்டார் ஜஹீருன்னிசா.

தமிழ்வேந்தன் நிமிர்ந்தான். துணியை எடுத்து, தூவிய பவுடரையெல்லாம் ஒரே இழுப்பில் துடைத்துவிட்டான்.

"என் ஓஸ்லதாம்மா" என்றான். "அழுத்துனது சரியா புடிக்கல போலருக்கு. நாளைக்கு வேற பண்ணித் தந்துடறேன்."

சுந்தரமூர்த்தி ஒரு மூச்சு விட்டான். தப்பித்தோம் என்கிற மூச்சுதான் அது. அந்த மூச்சு வெளியே வந்து முடிவதற்குள் ஜஹீருன்னிசா எழுந்து இறங்கி வந்தார்.

"இப்படி ஒரு ஆள நான் பாத்ததில்ல" என்றார். "எங்க கம்பெனில ஒரு தோலு பாழானா, யாரு பண்ணதுன்னு கேட்டா ஒருத்தர் வாய தெறக்க மாட்டாங்க. நீங்க கேட்டதும் என்துதான்னு சொல்றீங்களே. மூர்த்தி, அந்த இன்னொரு சாவிய இவருகிட்ட குடுத்துடுப்பா. கொஞ்ச நாளு வண்டிய இவரே பாக்கட்டும்."



போன் வந்த நாளிலிருந்து சுந்தரமூர்த்தி வேண்டியது நடந்துவிட்டது. தமிழ்வேந்தன் தன் வாயாலேயே தன் தப்பு என்று சொல்லிவிட்டான், இந்தப் போர்டிகோவிலேயே, இந்த அம்மா முன்னாலேயே. அதற்கு அவனுக்குக் கிடைப்பது என்ன? நல்ல பெயர். சாவி. நாளைக்கு ஊர் ஒரு பட்டப் பெயரையும் எடுத்துக் கொடுத்துவிடும். நல்லி போனது, புல்லட் போனது, 'அவரு' போனது. கடைசியில் சுந்தரமூர்த்தியிடம் சொந்தமாக மிஞ்சியிருந்தது இந்த ஒரு தப்பு. அவனே தோல் பொறுக்கி, அவனே வெட்டி, அவனே மெழுகில் ஊறவைத்துப் போட்ட தப்பு. அதையும் இவன் எடுத்துக்கொண்டு போகிறான். எடுத்துக்கொண்டு போய் அதையும் பெருமையாக்கிவிட்டான்.

"அது என் தப்பும்மா" என்றான் சுந்தரமூர்த்தி.

குரல் அவன் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. அதில் குற்றவுணர்வு ஏதுமில்லை. பஸ்ஸில் துண்டு போட்டுப் பிடித்த இடத்தில் வேறொருவன் உட்காரும்போது வருகிற குரல் அது.

"உன்தா? ஓஸ் அவரு பண்ணதுல்ல?"

"ஓஸ் அவன் பண்ணது. அதுல ஒரு கொறையும் இல்ல. வாஷர் நான் போட்டது. தோல் வாஷர். அங்கதான் ஒழுகுது."

"அண்ணா சும்மா சொல்றாரும்மா" என்றான் தமிழ்வேந்தன்.

"நீ சும்மா இரு. பவுடர எதுக்குடா தொடச்ச? அம்மா, அந்த டப்பாவ இன்னொருவாட்டி குடுங்க."

மறுபடியும் துடைத்து, மறுபடியும் தூவி, இந்த முறை அவனே உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பினான். "குனிஞ்சி பாருங்கம்மா, போல்ட்டுக்கு அடியில" என்று உள்ளேயிருந்து கத்தினான். ஜஹீருன்னிசா புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

நிமிர்ந்தபோது சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். "ஒரு தப்புக்கு ரெண்டு பேரு அடிச்சிக்கறீங்க. இந்தப் பேஜாரு எங்கயும் பாத்ததில்ல." பிறகு சுந்தரமூர்த்தியிடம் திரும்பினார். "இத்தன வருஷத்துல உன் வாயால தப்புன்ற வார்த்தைய இன்னிக்குத்தான் கேக்கறேன் மூர்த்தி. வாஷர மாத்து. சாவி உன்கிட்டயே இருக்கட்டும்."

வாஷர் என்றதும் தமிழ்வேந்தனின் கை சட்டைப் பைக்குப் போனது. அதே பொட்டலம். பிரிக்கவேயில்லை.

சுந்தரமூர்த்தி அதை வாங்கிக்கொண்டு தாழ்ந்த குரலில் கேட்டான். "அன்னிக்கே தெரியுமா ஒனக்கு, நான் தோலுதான் போடுவேன்னு?"

"ஒரு டவுட்டு இருந்துச்சிணா. சொன்னா கோச்சுக்குவீங்களேன்னு பையிலயே வச்சிக்கினு சுத்தறேன்."

செம்பு வாஷர்களைப் போல்ட்டின் இரண்டு பக்கமும் போட்டு இறுக்கினான். எண்ணெய் நிரப்பி, காற்று எடுத்து, மூன்றாம் முறையாகப் பவுடர் தூவி ஓட்டிப் பார்த்தான். ரோஜா வாசனை மட்டும்தான் வந்தது. போர்டிகோ தரையில் அதற்குப் பிறகு ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

விஷயம் அவனுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. தமிழ்வேந்தன் மேகலாவிடம் சொல்ல, மேகலா தேவகியிடம் சொல்ல, இருவரும் சேர்ந்து ஒடுகத்தூருக்குப் போன் போட்டுச் சொல்லியிருந்தார்கள். யாரும் கேட்காமல் தன் தப்பைத் தானே ஒப்புக்கொண்ட மனுஷன் என்று அதற்குள் கதை வளர்ந்திருந்தது. டீக்கடையில் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். ரஃபி அகமது, "பெரிய மனசு தோஸ்த் உனக்கு" என்று கையைப் பிடித்துக்கொண்டார். எதற்காக ஒப்புக்கொண்டேன் என்று சுந்தரமூர்த்தி யாரிடம் சொல்வான்? தேவகி மட்டும் ஒரு பார்வை பார்த்தாள். அவளிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டில் கறிக்குழம்பு. இரண்டு மருமகன்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மாமியார் சட்டியோடு வந்தாள். கரண்டியை உள்ளே விட்டுத் துழாவினாள். சுந்தரமூர்த்தி அன்றைக்கு நிஜமாகவே பார்க்கவில்லை. தட்டில் ணங்கென்று சத்தம் கேட்டபிறகுதான் குனிந்து பார்த்தான். நல்லி எலும்பு. முழுசாக, ஆவி பறக்க, அவன் தட்டில்.

"சாப்புடுங்க மாப்ள" என்றாள் மாமியார். "நல்ல மனசுக்கு நல்லா இருப்பீங்க."

எடுத்துத் தட்டில் தட்டி உறிஞ்சினான். இத்தனை வருஷமாகக் காத்திருந்த சந்தோஷத்தில் பாதிதான் நாக்கில் இருந்தது. மீதிப் பாதி பக்கத்துத் தட்டுக்காரன் முகத்தில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். மெல்லத் திரும்பினான். தமிழ்வேந்தன் கண் இந்த நல்லியில் ஒரு நொடி நின்றிருக்க வேண்டும். உதடு கொஞ்சமாவது சுருங்கியிருக்க வேண்டும். ஒரு ஓரத்திலாவது வயிறு எரிந்திருக்க வேண்டும்.

தமிழ்வேந்தன் வெறும் குழம்பைச் சோற்றில் பிசைந்து பெரிய பெரிய உருண்டையாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தான். சுந்தரமூர்த்தி பார்ப்பதைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"இன்னொரு தட்டு தட்டுங்கணா. உள்ள இன்னும் நெறைய இருக்கும்" என்றான்.

அவன் முகத்தில் தேடித் தேடிப் பார்த்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. நல்லி இல்லாமலே இவனால் இப்படி நிம்மதியாகச் சாப்பிட முடிகிறதே என்று நினைத்தபோது, வாயில் நல்லியோடு சுந்தரமூர்த்திக்கு வயிறு எரிந்தது.